நிழலில் எடுத்த படங்கள்

கோடு மரத்தில் முட்டி நின்றது. டப்பாவிலிருந்து சுண்ணாம்புத் தூளைக் கொட்டியபடி கண்மாய்க் கரை நெடுகக் குனிந்தே வந்த ஆள் நிமிர்ந்தான்.

"சார், மரம் நிக்கிது."

"நிக்கட்டும். அது மேலயே போடு" என்றார் ஓவர்சியர் செல்வக்குமார். பைக்கில் உட்கார்ந்திருந்தார். கையில் கரையின் வரைபடம் இருந்தது. வரைபடத்தில் மரம் இல்லை.

ஆள் அடிமரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டான். அடுத்த மரத்திலும் போட்டான். பத்தொன்பதாவது மரத்தில் தூள் தீர்ந்துவிட்டது. பாதிக் குறியோடு விட்டான்.

கண்மாய்க்குள் மண் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சோணையம்மாள் மட்டும் கரையேறி வந்தாள். முந்தானையை எடுத்து முதல் மரத்துக் குறியைத் துடைத்தாள்.

"ஏம்மா, அது கவர்மெண்டு குறி."

"மரத்துக்கு என்னத்துக்கு சார் குறி? சந்தையில ஆட்டுக்குத்தேன் போடுவாங்க."

"வெள்ளிக்கெழம விழா. கரையில நானூறு குழி நேர் வரிசையா இருக்கணும். மேலேருந்து ட்ரோன்ல படம் எடுக்குறாங்க. நடுவுல இது பொதரு மாதிரி நின்னா கன்னெல்லாம் எங்குட்டுத் தெரியும்? வியாழக்கெழம காலையில ரம்பம் வருது."

"மரம் வைக்க மரத்த வெட்டப் போறீக."

"மரம் வைக்க எடம் வேணும்ல."

"பொறம்போக்குல மரம் வெட்டுனா அனுமதி வாங்கணும்னு நீங்கதான சார் சொன்னீக? போன மாசம் தங்கப்பொண்ணு நாலு குச்சி ஒடிச்சதுக்கு அந்தக் கத்து கத்துனீக."

செல்வக்குமார் பொறுமையாகச் சொன்னார். "மரம்னா அனுமதி வாங்கணும். இது ரெக்கார்டுல இருக்கா? போன வருசம் இந்தக் கரையில ஒரு கன்னும் பொழைக்கலன்னு எழுதி, கையெழுத்தாகி மேல போயிருச்சு. இல்லாத மரத்த வெட்ட யாருட்டம்மா அனுமதி கேக்குறது?"

அவர் இதை நையாண்டியாகச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த அலுவலகத்தில் இருந்தவர். அவருக்கு அது சந்தேகமே இல்லாத விஷயம்.

சோணையம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. திருவாதவூர் போகிற வழியில் உள்ளே தள்ளியிருக்கும் கொக்கனேந்தலில், காலனியில் பிறந்தவள். நான்கு வீடு தள்ளி இருந்த சுருளிக்கு வாக்கப்பட்டாள். எட்டாவது வரை படிப்பு. பதினொரு வருடம் சூளையில் செங்கல் அறுத்தாள். ஊருக்குள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். நிலம் வைத்திருந்தவர்கள் அதை பிளாட் போட்டு விற்றபோது எல்லைக்கல் ஊன்றக் குழி தோண்டியதும் அவள்தான். நடுவதற்கு நிலம் இல்லாமல் போன பிறகு நூறு நாள் வேலை.

அரசாங்கம் அவள் வீட்டு வாசலுக்கு வந்தது மூன்றே தடவை. மூன்று தடவையும் சுற்றுச்சூழலைக் காப்பாற்றத்தான் வந்தது. முதல் தடவை, விறகடுப்புப் புகை காற்றைக் கெடுப்பது பற்றி வகுப்பு எடுக்க ஒரு வேன். வகுப்பு முடிந்து கிளம்பும்போது வேன் விட்ட புகையில் காயப்போட்டிருந்த சேலையை அவள் மறுபடி அலச வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை வந்தவர்கள், ஆடுகள் பசுமையை அழிப்பதால் சுருளி தன் ஆறு ஆட்டை இரண்டாகக் குறைத்தால் நல்லது என்றார்கள். அந்த வாரம் கண்மாய்க்குள் தூர் வாருவதாகச் சொல்லி ஒரு நாளைக்கு நாற்பது லாரி மண் போய்க்கொண்டிருந்தது. வந்தவர்களின் ஜீப் லாரிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் வந்தது. மூன்றாம் தடவை பச்சை, நீலம் என்று இரண்டு குப்பைத் தொட்டி கொடுத்தார்கள். பச்சைத் தொட்டியில் இப்போது தவிடு இருக்கிறது.

இந்தக் கரையில் மூன்று வருடத்துக்கு முன் நானூறு புங்கங்கன்று வைத்தார்கள். வைத்தவர்கள் கையுறை போட்டிருந்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் கையுறையைக் கழற்றிக் குழிக்குள்ளேயே போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. ஆவணியில் வெறும் குச்சிகள் நின்றன. அடுத்த ஜூனில் அதே குழிகளில் இன்னொரு நானூறு. முதலில் வைத்தவை வறட்சியில் பட்டுப்போனதாகக் கோப்பில் இருந்தது. இரண்டாவது வைத்தவை வெள்ளத்தில் அழுகியதாக இருந்தது. அந்த வருடம் கண்மாயில் நாய் நனையத் தண்ணீர் இல்லை. மூன்றாவது வைத்தவற்றைப் பூச்சி தின்றுவிட்டது. பிழைத்த கன்றுக்குப் பதில் புதுக் கன்று கேட்க முடியாது என்பதால் வருடா வருடம் எல்லாமே செத்தாக வேண்டியிருந்தது.

குழி வெட்டியது எப்போதும் சோணையம்மாளின் குழுதான். ஒரே குழியை மூன்று முறை வெட்டியதில் மண் பழகிவிட்டது என்பாள் தங்கப்பொண்ணு. "கடப்பாறையக் காட்டுனாப் போதும், தானாத் தொறந்துக்கிருது."

குழுவில் பத்தொன்பது பெண்கள். மதியச் சோற்றுக்கு உட்கார அவர்களுக்கு நிழல் இல்லை. கரையின் வடகோடியில் பெரிய புளியமரங்கள் இருந்தன. அவற்றை ஏலம் எடுத்திருந்த விருமாண்டி, காலனிப் பெண்கள் அடியில் உட்கார்ந்தால் பழம் காணாமல் போகிறது என்று விரட்டுவார். பழம் இல்லாத மாதத்திலும் விரட்டுவார்.

முதல் வருடம் வைத்த கன்றுகளில் அடுத்தடுத்து இருந்த பத்தொன்பதை சோணையம்மாள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டாள். சாப்பிட்டதும் அவரவர் கன்றின் தூரில்தான் கை கழுவ வேண்டும். வாய் கொப்பளிக்க வேண்டும். தூக்குவாளி அலச வேண்டும். பாட்டிலில் மிஞ்சியதை அங்கேதான் ஊற்ற வேண்டும். மறந்துபோய் வேறெங்காவது கழுவியவளுக்கு ஏச்சு விழும்.

"ஏண்டி, ஓடையில கொண்டுபோயி கழுவுற? ஓடையா ஒனக்குக் கொட பிடிக்கப் போகுது?"

சுற்றிலும் கருவேல முள் வைத்துக் கட்டினார்கள். சுருளியின் ஆடு ஒருநாள் முள்ளை விலக்கிக் கொழுந்தைக் கடித்ததற்கு, அன்றிரவு சுருளிக்குச் சோறு இல்லை. இதிலெல்லாம் மரத்தின்மேல் அன்பு எதுவும் இல்லை. உச்சி வெயிலில் உட்கார்ந்து தின்ன அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். மூன்றாம் வருடம் பத்தொன்பது பேரும் நிழலில் சாப்பிட்டார்கள்.

இப்போது வியாழக்கிழமை ரம்பம் வரும்.

"மஞ்சத் துணி கட்டிருவமா மதினி?" என்றாள் தங்கப்பொண்ணு. "சாமி மரம்னா தொட மாட்டாய்ங்க."

"பத்தொம்பது சாமிக்கு நான் எங்கிட்டுப் போறது? அப்பறம் கோயிலுக்கு யாரு தர்மகர்த்தான்னு விருமாண்டி வந்து நிப்பாரு. நம்மள ஒக்கார விடுவாரா?"

சுருளி வீட்டில் வேறு யோசனை சொன்னான். "வெட்டட்டும். கெளையெல்லாம் எனக்குத் தரச் சொல்லு. ஆட்டுக்கு ஒரு வாரம் ஆகும்."

"ஒன்னயத்தேன் மொதல்ல வெட்டணும்."

புதன்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து, அங்கிருந்து கே.கே. நகருக்கு நடந்தாள். மகள் இசைவாணி அங்கே ஒரு எலும்பு டாக்டர் கிளினிக்கில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டோக்கன் போடுகிறாள். கட்டுப் போட்ட காலோடு ஆறேழு பேர் காத்திருந்தார்கள். ஏசி குளிரில் சோணையம்மாளுக்குத் தும்மல் வந்தது.

"ஒரு மனு எழுதிக் குடு" என்றாள்.

இசைவாணி எல்லாவற்றையும் கேட்டாள். "எழுதலாம்மா. ஆனா மரம் மூணு வருசமா அங்க இருக்குன்னு என்ன ஆதாரம்?"

"வந்து பாக்கச் சொல்லு. கண்ணு இல்ல?"

"அவங்க கண்ணால பாத்தது ஆதாரம் ஆகாது. அவங்க பேப்பர்ல இருக்கணும். இல்லாட்டி அவங்க எடுத்த படம் இருக்கணும்."

"அவெங்க எங்கிட்டு எடுத்தாய்ங்க? நான்தேன் எடுக்குறேன், தெனமும் ரெண்டு."

சொல்லிவிட்டு சோணையம்மாள் நிறுத்தினாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

சோணையம்மாள்தான் குழுவுக்குப் பணித்தளப் பொறுப்பாளர். வந்தவர்களை நிற்க வைத்துக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று படம் எடுத்துப் போனிலேயே அனுப்ப வேண்டும். படத்தில் தேதியும் நேரமும் இடமும் தானாக விழும். படம் போகாவிட்டால் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். விதிப்படி அவளை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். போன் வைத்திருந்த மற்றவர்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. எழுத்துத் தெரிந்தவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவளிடம் இருந்ததும் இசைவாணி கல்லூரிக்குக் கொண்டுபோன பழைய போன்தான். வெயிலில் பிடித்தால் சூடேறி அணைந்துவிடும். அதனால் முதல் வருடம் நான்கு பேர் சேலையை விரித்துப் பிடிக்க, கன்றுகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். பிறகு மரநிழலிலேயே எடுத்தார்கள்.

டோக்கன் இல்லாத நேரமாகப் பார்த்து இசைவாணி நூறு நாள் வேலைப் படங்கள் ஏறும் இணையப் பக்கத்தைத் திறந்தாள். கொக்கனேந்தல் என்று தட்டினாள். தேதியைப் போட்டாள். தங்கப்பொண்ணு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் முள்வேலிக்குள் ஒரு கன்று. ஆறு மாதம் தள்ளி இன்னொரு தேதி. கன்று இடுப்புக்கு வந்திருந்தது. அடுத்த மாசியில் தலைக்கு மேல். மரம் வளர்ந்ததைத் தினமும் இரண்டு தடவை படம் எடுத்து அரசாங்கமே பத்திரமாக வைத்திருந்தது. யாரும் பார்க்கவில்லை. அது பார்ப்பதற்காக எடுத்த படம் இல்லை.

பன்னிரண்டு படம் அச்செடுத்தாள். எக்ஸ்ரே போடுகிற பெரிய உறையில் வைத்துக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரம்பக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்ததால் பெண்களை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, சோணையம்மாள் ஒன்றிய அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றாள். செல்வக்குமாருக்கு மேலதிகாரியான பெரிய மேடம் பத்தே காலுக்கு வந்தார். நல்லவர் என்று பெயர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். அவளையும் உட்காரச் சொன்னார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். செல்வக்குமாரைக் கூப்பிட்டார்.

"இது நம்ம சைட்டா?"

செல்வக்குமார் பார்த்தார். "ஆமா மேடம்."

"நூறு சதவீதம் பட்டுப்போச்சுன்னு மூணு வருசமா எழுதியிருக்கீங்க. இது என்ன? செடியா, உங்க மாமனாரா?"

"பிழைச்சது நம்ம கவனத்துக்கு வரல மேடம்."

"வெட்டுனா இந்தம்மா இதே கவரோட பேப்பர்காரங்க கிட்ட போகும். வெட்டாம விட்டா ஆடிட்ல கேப்பாங்க. என்ன செய்யப் போறீங்க?"

அவர் கோபப்பட்டது மரத்தைப் பற்றியா, எழுத்தைப் பற்றியா என்று சோணையம்மாளுக்குப் புரியாமல் இல்லை. அறையில் மின்விசிறி சுற்றியது. ஓவர்சியர் யோசித்தார். யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"மேடம், முன்னோடித் தொகுப்புன்னு காட்டிரலாம். தனியா பத்தொம்பது வச்சோம். பத்தொம்பதும் பொழச்சிருச்சு. நூறு பர்சென்ட். ட்ரோனுக்கும் நல்லாருக்கும், நடுவுல பச்சையா."

காலையில் வெட்ட வேண்டியிருந்த அதே காரணம் பத்தரை மணிக்கு வைத்துக்கொள்ளக் காரணமாயிற்று. மேடம் போனில் யாரிடமோ பேசினார். ரம்பத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

சோணையம்மாள் எழுந்தாள். "வாரேங்க."

"இருங்கம்மா." மேடம் படங்களை மறுபடி விரித்தார். "பதினோரு மணி. நிழல்ல நிக்கிறீங்க. இது ரெண்டு மணி. நிழல். இதுவும் நிழல். எல்லாப் படத்துலயும் மரத்தடியிலதான் இருக்கீங்க. வேலை எப்பப் பாத்தீங்க?"

"வெயில்ல போனு அணஞ்சு போயிரும் மேடம்."

"அப்படின்னு எழுத முடியாதே. பணி நேரத்தில் பணியிடத்தில் இல்லைன்னுதான் இந்தப் படம் சொல்லுது. நானா சொல்லல. நீங்க கொண்டுவந்த படம்தான் சொல்லுது."

"நாங்க வெட்டுன மண்ணு அங்கன கெடக்கு. வந்து அளந்து பாருங்க."

"விசாரணை வரும். அதுவரைக்கும் பொறுப்பாளர் வேலையில நீங்க இருக்க வேண்டாம். வேற ஏற்பாடு செஞ்சுக்கிறோம். தப்பா எடுத்துக்காதீங்க. மரம் நல்லா வளத்திருக்கீங்க."

"மரம் நிக்கும்ல?"

"நிக்கும்மா."

"எழுதிக் குடுங்க."

செல்வக்குமார் சிரித்தார். "கவர்மெண்டையே எழுதிக் குடுக்கச் சொல்லுறியா?"

"எழுதாம கெடந்தவரைக்கும் மரம் நின்னுச்சு சார். இப்ப ஒங்க கண்ணுல பட்டுருச்சுல்ல. இனிமே எழுத்து வேணும்."

எழுதிக் கொடுக்கவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதிக்கொள்வோம் என்றார்கள்.

அவள் ஊருக்குத் திரும்பியபோது கரையில் ரம்பத்துக்குப் பதிலாகக் கம்பிவலை வந்து இறங்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் பத்தொன்பது மரத்தையும் சேர்த்து வளைத்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்கு வலை, ஒரு கதவு, கதவுக்குப் பூட்டு. அடிமரத்துச் சுண்ணாம்புக் குறிகளை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டார்கள். பெண்கள் கட்டியிருந்த கருவேல முள்ளைப் பிடுங்கி எறிந்தார்கள். அழகாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிறகு பலகை வந்தது. முன்னோடிப் பசுமைத் தொகுப்பு. கீழே வழிகாட்டியவர், மேற்பார்வை செய்தவர், செயல்படுத்தியவர் என்று மூன்று பெயர். அதற்கும் கீழே சிவப்பில்: பாதுகாக்கப்பட்ட பகுதி. பொதுமக்களும் கால்நடைகளும் நுழையக்கூடாது.

"நம்ம ரெண்டாவது சொன்னதுல இருக்கமா, மொதல்ல சொன்னதுலயா?" என்று கேட்டாள் தங்கப்பொண்ணு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒன்றரைக்கு வந்தார். பின்னால் பதினான்கு கார். முந்நூற்று எண்பது குழிகளில் காலையிலேயே கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஒரு குழியை மட்டும் அவருக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி வெட்டிவேர் பரப்பியிருந்தது. குழுப் பெண்களுக்குப் பச்சைச் சேலை கொடுத்துக் கையில் குடத்தோடு வரிசையாக நிற்கச் சொன்னார்கள். சோணையம்மாளுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். உடுத்தவில்லை.

வந்தவர் கன்றை வைத்தார். முன்னோடித் தொகுப்பைத் திறந்து வைத்தார். கதவைத் திறந்து உள்ளே போய் ஏழாம் எண் மரத்துக்குச் சந்தனம் தடவி மாலை போட்டார். ஏழு, தங்கப்பொண்ணுவின் மரம்.

"மூணு வருசமா நான் எச்சி துப்புன மரம்" என்று அவள் பக்கத்தில் நின்றவளிடம் மெதுவாகச் சொன்னாள். "தொட்டுக் கும்பிடுறாரு பாரு."

சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. குடத்தில் தண்ணீர் அலம்பியது. வீடியோ எடுத்தவன் மறுபடி சிரிக்கச் சொன்னான்.

பேச்சில் அவர், இயற்கையை நேசிக்கக் கிராம மக்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு மரம் பத்துப் பிள்ளைக்குச் சமம் என்று சொல்லிவிட்டு, பத்தொன்பதைப் பெருக்கப் பார்த்து விட்டுவிட்டார். அலுவலர்கள் கண்ணும் கருத்துமாக இருந்தால் வறண்ட கரையிலும் நூற்றுக்கு நூறு சாதிக்கலாம் என்பதற்கு இதுவே சாட்சி என்றார். செல்வக்குமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேலே ட்ரோன் தேனீ மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. கூட்டம் கலைகையில் வெட்டிவேரை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுருளி டீக்கடையிலிருந்து விழாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "மரம் நின்னுருச்சுல்ல. அம்புட்டுத்தான ஒனக்கு வேணும்?"

"மரம் யாருக்கு வேணும்?" என்றாள் சோணையம்மாள். "அதுக்கடியில எடந்தேன் வேணும்."

 

மறுநாள் சனிக்கிழமை. சோணையம்மாள் விடியற்காலை ஊரில் ஜெயபாண்டி என்பவரின் தோட்டத்துக்குக் கூலிக்கு மல்லிகை பறிக்கப் போய்விட்டு, எட்டரை மணிக்குக் கண்மாய்க்கு வந்தாள். வேலை, மழைத்தண்ணீர் தேங்கக் கிடங்கு வெட்டுவது. புதுப் பொறுப்பாளராகச் செல்லக்கிளி என்ற பெண்ணைப் பக்கத்து ஊரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். டிகிரி முடித்தவள். அவளிடம் நல்ல போன் இருந்தது. நிழல் விழாத இடமாகப் பார்த்து எல்லோரையும் நிற்கச் சொல்லிக் காலைப் படத்தை எடுத்தாள். கூசுகிறது என்று இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். மறுபடி எடுத்தாள்.

ஒரு மணிக்குச் சோற்றுக்கு எழுந்தார்கள். கம்பிவலைக் கதவு பூட்டியிருந்தது. சாவி அலுவலகத்தில் இருப்பதாகவும், திங்கட்கிழமை கேட்டுப் பார்ப்பதாகவும் செல்லக்கிளி சொன்னாள். மரநிழல் நேர் கீழே, வலைக்கு உள்ளேயே விழுந்தது. கொடுத்த பச்சைச் சேலைகளில் இரண்டை முடிந்து நான்கு மண்வெட்டிக் காம்பில் கட்டப் பார்த்தார்கள். காற்றில் நிற்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். அவரவர் உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவினார்கள். சோணையம்மாள் யாரையும் ஏசவில்லை.

புதுக் கன்றுகளுக்குத் தண்ணீர் டேங்கர் மூன்று மணிக்கு வரும் என்றார்கள். வரவில்லை. நான்கு மணிக்கு வேலை முடிந்தது. மண்வெட்டிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.